கேமரா யார் கையில்?



திருநர் வாழ்வையும் உருவப்படக் கலையையும் சேர்த்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இதை நாமக்கல்லில் பேசுவது மிகவும் பொருத்தம். தன் வாழ்வைத் தானே எழுதித் தமிழுக்குத் தந்த திருநங்கையரில் முன்னோடியான அ. ரேவதி இந்தப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அன்று இது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். தமிழ்நாட்டின் முதல் திருநங்கை காவல் உதவி ஆய்வாளரான பிரித்திகா யாஷினி சேலத்தில் பிறந்தவர். சேலம் ஏற்காடு சாலையில்தான் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் அங்கிருந்து வந்தது. ஆகவே கேமராவும் இந்த மண்ணுக்குப் பழையது, திருநரும் இந்த மண்ணுக்குப் பழையவர்கள். இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படிச் சந்தித்தன என்பதே என் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உருவப்படத்தை மதிப்பிட ஒளியும் கோணமும் மட்டும் போதாது. படத்தை எடுத்தவர் யார், எடுத்த பின் அது யாரிடம் போயிற்று, வேண்டாம் என்று சொல்லும் உரிமை படத்தில் இருப்பவருக்கு இருந்ததா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். திருநர் படங்களில் பெரும்பாலானவை இந்த மூன்று கேள்விகளிலும் தோற்றுப்போகின்றன. தோற்காத படங்களை எடுத்தவர்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

வேடத்துக்குக் கைதட்டல், வாழ்வுக்கு அடி

ரேவதி சிறுவயதில் ஊர் மாரியம்மன் பண்டிகையில் குறத்தி வேடம் கட்டி ஆடியதைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஊர் அந்த ஆட்டத்தை ரசித்தது. கூத்து மரபு செழித்த இந்தச் சமவெளியில் ஆண் பெண் வேடம் கட்டுவது புதிதல்ல. விடிய விடியப் பெண் வேடக்காரரைப் பார்த்து அழுது, சிரித்து, பணம் குத்திய ஊர்கள் இவை. ஆனால் வேடத்தைக் கலைக்கும் நேரம் வந்தபோது, அந்தக் குழந்தைக்கு அதைக் கலைக்க விருப்பமில்லை. அது அதற்கு வேடமே அல்ல. அந்த இடத்தில் ஊரின் ரசனை முடிந்தது, அடி தொடங்கியது. தில்லிக்குப் போய்த் திருநங்கையரோடு வாழ்ந்துவிட்டுத் திரும்பியவரை அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். ஆசையாய் வளர்த்த கூந்தல் மழிக்கப்பட்டது. மீண்டும் வீட்டை விட்டு வெளியேற்றம், மும்பை, பாலியல் தொழில், அதிலும் வன்முறை, பிறகு பெங்களூரு.

இந்த நிகழ்ச்சிகள் பலருக்கும் நேர்ந்தவை. ரேவதி தனித்து நிற்பது அதற்குப் பின் அவர் செய்த வேலையால். 1999இல் பெங்களூருவில் 'சங்கமா' என்ற மனித உரிமை அமைப்பில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தவர், அதன் இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தார். தம் வாழ்வை எழுதும் முன், மற்ற திருநங்கையரின் வாழ்வைக் கேட்டுத் தொகுத்தார். அந்தத் தொகுப்பு 'உணர்வும் உருவமும்' என்ற பெயரில் 2004இல் வந்தது. அவருடைய தன்வரலாறு 2010இல் வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பெங்குவின் வெளியீடாக முதலில் வந்தது; அடுத்த ஆண்டு 'வெள்ளை மொழி' என்ற பெயரில் தமிழில் வந்தது. இடையே 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' வெளியானது. சில ஆண்டுகளுக்குள் தமிழில் ஒரு தன்வரலாற்று மரபே உருவாகிவிட்டது. அதுவரை இவர்களைப் பற்றி மருத்துவரும் காவல்துறையும் பத்திரிகையாளரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது இவர்களே எழுதினார்கள்.

எழுத்தோடு ரேவதி நிற்கவில்லை. அ. மங்கையின் இயக்கத்தில் 'வெள்ளை மொழி'யைத் தனிநபர் நாடகமாக்கி, தாமே மேடையேறி நடித்தார். இது எளிய துணிவு அல்ல. புத்தகத்தில் வலியை எழுதுபவர் வாசகரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மேடையில், எந்த உடம்பை ஊர் கேலி செய்ததோ அதே உடம்போடு, பார்வையாளரின் கண்ணுக்கு நேராக நின்று சொல்ல வேண்டும். ஊர்ப் பண்டிகையில் ஊருக்காக ஆடிய குழந்தை, இப்போது தனக்காக ஆடியது. எதைக் காட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தானே தீர்மானித்தது.

2019இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒன்று நடந்தது. அங்கே பட்லர் நூலகத்தின் முகப்பில் ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் போன்ற ஆண்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு மேலே பெண் எழுத்தாளர்களின் பெயர்களை ஒரு பெரிய பதாகையில் எழுதித் தொங்கவிட்டார்கள். டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ ஆகியோரோடு அ. ரேவதி என்ற பெயரும் அதில் இருந்தது. நாமக்கல் பள்ளி மாணவர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது என்று ஆசிரியப் பெருமக்கள் யோசிக்க வேண்டும்.

இந்த வாழ்வு அண்மையில் ஆவணப்படமாகவும் ஆகியிருக்கிறது. 'ஞான் ரேவதி' என்ற அந்தப் படத்தை இயக்கியவர் கேரளத்தின் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் பி. அபிஜித். கேரளத் திருநர் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் படம்பிடித்து வந்தவர் அவர். ஒரு மனிதரோடு நீண்ட காலம் பழகியவர் எடுக்கும் படத்துக்கும், விழாவுக்கு வந்த இடத்தில் எடுத்துப் போகும் படத்துக்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைத்தான் அடுத்துப் பேச வேண்டும்.

பார்க்கப்பட்டவர்கள்

ஆண்டுதோறும் சித்திரை மாதம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தாலி அறுத்து ஒப்பாரி வைப்பதும் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் படங்களாக வருகின்றன. பக்தியும் துக்கமும் கலந்த அந்தச் சடங்கை நான் குறைத்துப் பேசவில்லை. அங்கே வரும் கேமராக்கள் எடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டு தருணங்களைத்தான் என்பதே என் வருத்தம். ஆண்டின் மற்ற நாட்களில் ஒரு திருநங்கை வாடகைக்கு வீடு தேடுகிறார், கடை வைக்கிறார், கல்லூரியில் படிக்கிறார், உடம்புக்கு முடியாமல் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார். அந்த நாட்களுக்குப் படம் குறைவு. லீனா மணிமேகலை 2017இல் எடுத்த 'இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்' என்ற ஆவணப்படம் இந்தக் குறையை உணர்ந்தது. ஸ்மைலி, கிளாடி என்ற இரண்டு திருநங்கை நாடகக் கலைஞர்கள் சென்னையில் வாடகை வீடு தேடி அலைவதே அந்தப் படம். திருவிழா இல்லை, சடங்கு இல்லை. பூட்டிய கதவுகள் மட்டும்.

படமெடுப்பவர், படத்தில் இருப்பவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய ஒளிப்பட வரலாற்றில் ஓர் உயர்ந்த சான்று உண்டு. 1989இல் தயாநிதா சிங் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்காகத் தில்லியில் ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கையரைப் படமெடுக்கப் போனார். மோனா அகமது என்பவரைச் சந்தித்துப் படங்கள் எடுத்தார். அவை லண்டனில் அச்சாகும் என்று தெரிந்ததும், அங்கே தமக்கு உறவினர்கள் இருப்பதால் படங்கள் வெளிவரக் கூடாது என்று மோனா கேட்டுக்கொண்டார். தயாநிதா படச்சுருள்களை மோனாவிடமே கொடுத்துவிட்டார். தொழில் வாழ்வின் தொடக்கத்தில் இருந்த ஒருவர், கைக்கு வந்த பெரிய வாய்ப்பை விட்டுக்கொடுத்தார். அதன் பலன் வேறு விதமாக வந்தது. இருவருக்கும் நட்பு ஏற்பட்டது. அது மோனா 2017இல் மறையும் வரை நீடித்தது. 2001இல் 'மைசெல்ஃப் மோனா அகமது' என்ற நூல் வந்தது. அதில் படங்கள் தயாநிதாவுடையவை. சொற்கள் மோனா பதிப்பாளருக்கு எழுதுவித்த மின்னஞ்சல்கள். தில்லியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் வீடு கட்டி வாழ்ந்த மோனா, தம்மை யாரும் தம் சம்மதமின்றி விளக்கிவிடாதபடி அந்த நூலில் தாமே பேசினார். படச்சுருளைத் திருப்பிக் கொடுத்த அந்தச் செயலை ஒளிப்படக் கல்வியின் முதல் பாடமாக வைக்கலாம் என்பேன்.

கேமரா கைமாறியது

மோனாவுக்கு நல்ல தோழி கிடைத்தார். ஆனால் கேமரா தோழியின் கையில்தான் இருந்தது. அடுத்த தலைமுறையில் அது கைமாறியது.

மும்பையின் ஸோயா தாமஸ் லோபோ இந்தியாவின் முதல் திருநங்கை பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் என்று அறியப்படுகிறார். புறநகர் ரயில்களில் கைதட்டிக் காசு கேட்டுப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அப்படிச் சேர்த்த பணத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கினார். 2020 ஏப்ரல் 14 அன்று கொரோனா ஊரடங்கு நீட்டிக்கப்பட்டபோது, சொந்த ஊர் போக ரயில் கேட்டுப் புலம்பெயர் தொழிலாளர்கள் பாந்த்ரா ரயில் நிலையத்துக்கு வெளியே பெருந்திரளாகக் கூடினார்கள். அதைப் படமெடுத்த ஸோயாவை நாடு கவனித்தது.

இதில் என்னை ஈர்ப்பது, அவர் எதைப் படமெடுத்தார் என்பது. ஒரு திருநங்கை கையில் கேமரா கிடைத்தால் அவர் திருநங்கையரைத்தான் எடுப்பார், தம் துயரத்தைத்தான் காட்டுவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஸோயா ஊரை எடுத்தார், நாட்டின் நெருக்கடியை எடுத்தார். பிறரைப் பார்க்கவும் தமக்குக் கண் உண்டு, அதற்கு விலையும் மதிப்பும் உண்டு என்று காட்டினார். நாடற்றவர் போல் நடத்தப்பட்ட ஒருவர் நாட்டின் செய்தியைப் பதிந்தார். திருநர் கலைஞருக்கு நாம் தர வேண்டிய உரிமைகளில் இதுவும் ஒன்று: தம்மைப் பற்றி மட்டுமே பேசக் கட்டாயப்படுத்தப்படாமல் இருப்பது.

முகங்களின் கருவூலம்

இனி, ஆண் என்றும் பெண் என்றும் இரண்டே பெட்டிகளில் அடங்காத ஒரு கலைஞரிடம் வருகிறேன். ஸனேலே முஹோலி தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை ஒட்டிய உம்லாஸியில் 1972இல் பிறந்தவர். அந்த டர்பன் நம்மவருக்கு அந்நிய ஊர் அல்ல. கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர் போய் இறங்கிய துறைமுகம். முஹோலியின் தாய் பெஸ்டர், ஒரு வெள்ளையர் வீட்டில் நாற்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர். முஹோலி ஜோகன்னஸ்பர்கில் டேவிட் கோல்ட்பிளாட் நிறுவிய மார்க்கெட் ஒளிப்படப் பட்டறையில் பயின்றார். தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வதைவிடக் காட்சிவழிப் போராளி என்று சொல்லிக்கொள்வதையே விரும்புகிறார்.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் பாலீர்ப்பின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது; உலகில் அதுவே முதல். ஆனாலும் கறுப்பின லெஸ்பியன் பெண்களும் திருநரும் தெருவில் வன்புணர்வுக்கும் கொலைக்கும் ஆளானார்கள். சட்டம் ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம் என்ற இந்த நிலை நமக்கும் தெரிந்ததே. முஹோலி 2006இல் 'முகங்களும் கட்டங்களும்' என்ற தொடரைத் தொடங்கினார். தம் சமூகத்தவரைக் கறுப்பு வெள்ளையில், ஒவ்வொருவராக, நேருக்கு நேர் நிற்கவைத்து எடுத்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. ஒருவரை ஒருமுறை எடுத்துவிட்டுப் போவதில்லை; ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் எடுக்கிறார். கண்காட்சிச் சுவரில் சில இடங்களை வெறுமையாக விடுகிறார். அவை இறந்தவர்களுக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும் உரிய இடங்கள்.

2012இல் அவருடைய கேப் டவுன் வீட்டில் திருடர்கள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை எடுத்துப்போனார்கள். ஆண்டுக்கணக்கான வேலை போயிற்று. ஒரு சமூகத்தின் நினைவு எவ்வளவு மெல்லிய பாதுகாப்பில் இருக்கிறது என்பதை அது காட்டியது. அதே ஆண்டில்தான் அவர் கேமராவைத் தம் பக்கம் திருப்பித் தற்படத் தொடர் ஒன்றைத் தொடங்கினார். அதில் வீட்டு வேலைக்காரரின் பொருட்களே அணிகலன்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள், துணி மாட்டும் கிளிப்புகள் ஆகியவற்றைத் தலையில் கிரீடமாகச் சூடி, தோலின் கருமையை அச்சில் இன்னும் கூட்டி, கேமராவை நேராகப் பார்க்கிறார். தாய் பெஸ்டர் வாழ்நாள் முழுதும் கையாண்ட பொருட்கள் அவை. கறுப்பை வெளுக்கச் செய்யும் முகப்பூச்சு விளம்பரங்கள் நிறைந்த நம் நாட்டில் அந்தப் படங்களை ஒவ்வொரு கல்லூரியும் மாணவர்க்குக் காட்ட வேண்டும்.

அவருடைய வாழ்வும் ஆவணப்படமானது. 2010இல் வந்த 'டிஃபிகல்ட் லவ்' படத்தைப் பீட்டர் கோல்ட்ஸ்மிட்டுடன் சேர்ந்து முஹோலியே இயக்கினார். தம்மைப் பற்றிய படத்தின் இயக்கத்திலும் தமக்குப் பங்கு வேண்டும் என்று நின்றார். முஹோலியைப் போலவே, கனடாவின் மாண்ட்ரியலைச் சேர்ந்த லாரன்ஸ் ஃபிலோமேன் என்ற இளம் கலைஞரும் இரு பாலுக்குள் அடங்காத திருநர். ஹார்மோன் சிகிச்சையின்போது தம் உடம்பில் ஏற்பட்ட மாற்றத்தை இரண்டு ஆண்டுகள் தற்படங்களாக எடுத்து 'ப்யூபர்ட்டி' என்ற நூலாக்கினார். கேத்தரின் லெகோ அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். லாரன்ஸின் படங்களில் துயரத்தின் இருட்டு இல்லை. சமையலறையும் படுக்கையும் பளீரென்ற நிறங்களில் இருக்கின்றன. உடம்பு மாறுவதை அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று இரண்டு படமாக வைத்துக் காட்டும் வழக்கத்தை அவர் மறுத்தார். மாற்றம் பயிர் வளர்வதுபோல் நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது என்று அந்தப் படங்கள் சொல்கின்றன.

நம் சமவெளிக்குத் திரும்பினால்

கனடாவும் தென்னாப்பிரிக்காவும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. இந்தியாவில் அது முன்னோடி. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா எனப்படும் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கில், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இவை பெருஞ்செயல்கள். ஆயினும் நம் சமூகத்தின் கண் இன்னும் திருநங்கையரை மட்டுமே ஓரளவு காண்கிறது. திருநம்பியர் பார்வைக்கே வருவதில்லை. அதனால்தான் ரேவதி, 2016இல் நந்தினி முரளியோடு சேர்ந்து உருவாக்கிய நூலில் திருநம்பியரின் வாழ்வுகளுக்கும் இடம் கொடுத்தார். ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்று தம்மை உணரும் இளையோருக்கோ ஒரு சடங்கு இல்லை, ஒரு குழு இல்லை, ஒரு தலைவர் இல்லை. திருச்செங்கோட்டு மலைமேல் அம்மையப்பனாய் நிற்கும் கடவுளைக் கும்பிடும் ஊரில், அந்தப் பிள்ளை தன்னைப் போன்ற ஒரு மனித முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றாய் இருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்பதை எண்ணிப் பாருங்கள். முஹோலியின் சுவரில் விடப்பட்ட வெற்றிடங்களில் ஒன்று சேலத்துப் பிள்ளைக்கும் உரியது.

பிரித்திகா யாஷினியின் வழக்கை நினைவூட்டுகிறேன். உதவி ஆய்வாளர் தேர்வுக்கான விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களே இருந்தன. அவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2017இல் தர்மபுரி மாவட்டத்தில் அவர் பணியேற்றார். அதே அமர்வுதான் 2016 ஜூலையில், திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் பெருமாள்முருகனின் எழுத்துரிமையைக் காத்தது. ஒன்று தன் பாலினத்தோடு அரசுப் பணிக்கு வரும் உரிமை, மற்றொன்று தன் ஊரைத் தான் கண்டபடி எழுதும் உரிமை. இரண்டும் இந்த மண்ணிலிருந்து நீதிமன்றம் போனவை. இரண்டுக்கும் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

எனவே என் வேண்டுகோள்களைச் சொல்லி முடிக்கிறேன்.

பத்திரிகை நண்பர்களே, திருநர் ஒருவரின் படத்தை அச்சிடும் முன் அவரிடம் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். கூவாகத்துக்குப் போகும் கேமரா, ஆடியிலும் மார்கழியிலும் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டில் ஸ்டுடியோ நடத்தும் ஒளிப்படக் கலைஞர்களே, கல்யாண சீசனில் உங்களுக்கு உதவியாளர்கள் தேவைப்படுகிறார்கள். ஒரு திருநரைச் சேர்த்துக்கொண்டு லைட் பிடிக்கவும், பிறகு கேமரா பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள். ஸோயா காசு கேட்டுக் கேமரா வாங்க வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்த நிலை வேண்டாம்.

காட்சித் தொடர்பியல் துறை நடத்தும் கல்லூரிகளே, திருநர் மாணவருக்குக் கட்டணமில்லா இடம் ஒதுக்குங்கள். பெரியார் பல்கலைக்கழகம் இந்தப் பகுதித் திருநர் வாழ்வின் படங்களையும் குரல்களையும் அவர்களுடைய சம்மதத்தோடு சேர்த்துப் பாதுகாக்கும் ஓர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்க வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் திருநரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து ஒரு பிள்ளையின் படத்தை எடுத்து ஒளித்து வைத்திருந்தால், அந்தப் பிள்ளையை அழைத்து, அது விரும்பும் உடையில் உங்களோடு நிற்கவைத்துப் புதிதாக ஒரு குடும்பப் படம் எடுங்கள். அரசும் நீதிமன்றமும் செய்ய முடியாத ஒன்றை நீங்கள் ஒரு நாளில் செய்துவிடலாம். செய்யுங்கள்.